கத்திரியில் குடிபெயர்வோர் கணக்கு

சென்னைப் பட்டணத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பஸ்தர் ஒருவர், வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்பதாலோ, பிள்ளைக்கு வேறு பேட்டையில் பள்ளிக்கூடம் அமைந்துவிட்டது என்பதாலோ, அல்லது வாடகை தம் சக்திக்கு மிஞ்சிவிட்டது என்ற நேரான காரணத்தாலோ, இருக்கும் வீட்டைக் காலி செய்வதென்று தீர்மானித்த மாத்திரத்தில், தமக்குத் தெரிந்த நாலு பேரிடம் முதலில் விசாரிக்கும் விஷயம் வண்டி வாடகை எவ்வளவு என்பதுதான். குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டிக்கு எவ்வளவு, பதினாலடி வண்டிக்கு எவ்வளவு, ஏற்றுகூலி இறக்குகூலி சேர்த்தா சேர்க்காமலா என்று பத்து இடங்களில் கேட்டு, கடைசியில் ஐந்நூறு ரூபாய் குறைத்துப் பேசி முடித்துவிட்ட திருப்தியில் அவர் இருக்கும்போதே, அதைப்போலப் பன்மடங்கான தொகைகள் அவர் கண்ணில் படாமலே கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். என் அபிப்பிராயத்தில், வீடு மாறும் செலவு என்ற குடும்பத்தில் வண்டி வாடகை கடைக்குட்டி. எந்த மாதத்தில், எந்த வேளையில் மாறுகிறோம் என்பதும், முன்பணம் என்ற பெயரில் எவ்வளவு ரொக்கம் முடங்குகிறது என்பதுமே மூத்த பிள்ளைகள். இவ்விரண்டையும் நிர்ணயிப்பது குடிபோகிறவரல்ல, ஊர் வழக்கம். அந்த வழக்கத்தில் குடித்தனக்காரர் தாமே மாற்றிக்கொள்ளக்கூடியது எது, சர்க்கார் மனம் வைத்தால்தான் மாறக்கூடியது எது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

முதலில் மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஆனியிலும் ஆடியிலும் குடிபோகலாகாது. புரட்டாசி பெருமாளுக்கு உரியது. மார்கழி தேவர்களுக்கு உரியது. பங்குனியும் பலருக்கு ஆகாது. குடும்பத்துக்குக் குடும்பம் இதில் பேதம் உண்டென்றாலும், பொதுவாக இந்த ஐந்தும் கழிந்துவிடுகின்றன. எஞ்சியிருக்கும் ஏழில் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்குச் சொந்தமானவை; 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும், முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் மக்கள் படகேறி வெளியேறியதையும் கண்டவர் எவரும் கார்த்திகை மாதத்தில் கட்டிலையும் மெத்தையையும் திறந்த வண்டியில் ஏற்றத் துணிய மாட்டார். தையும் மாசியும் வானிலைக்கு உத்தமமான மாதங்கள்தாம், ஆனால் அப்போது பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியிருக்கும். ஆவணியிலோ பள்ளிக்கூடம் நடுவில் நடந்துகொண்டிருக்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் மிஞ்சுவது சித்திரையும் வைகாசியும். ஜூன் மாதத்தில் பள்ளி திறப்பதற்குள் புது வீட்டில் அமர்ந்துவிட வேண்டுமென்று நினைக்கும் குடும்பங்கள் அத்தனையும், சித்திரை இருபத்தொன்றுக்கும் வைகாசி பதினாலுக்கும் இடைப்பட்ட, கத்திரி எனப்படும் அக்னி நட்சத்திர நாட்களில், அவற்றிலும் முகூர்த்தம் விழும் சில நாட்களில், ஒரே காலையில் ஒரே வண்டிகளையும் ஒரே கூலியாட்களையும் தேடிப் புறப்படுவதன் ரகசியம் இதுதான். மற்ற மாதத்தில் கூப்பிட்ட குரலுக்கு வரும் வண்டிக்காரர், அந்த முகூர்த்த நாளில் வைத்ததே விலையாகிறது. அதில் அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கத்திரி வெயில் என்றால் என்ன என்பதைச் சென்னைவாசிக்கு விவரிப்பது அநாவசியம். ஆயினும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நுங்கம்பாக்கத்து வானிலை நிலையத்தில் இதுவரை பதிவான உச்ச வெப்பமான 45 பாகை செல்சியஸ், 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி ஏற்பட்டது. அதாவது, பஞ்சாங்கப்படி அக்னி நட்சத்திரம் நிவர்த்தியான பிறகு ஏற்பட்டது. ஆகையால் கத்திரி முடிந்துவிட்டது, இனி பயமில்லை என்று ஜூன் முதல் வாரத்துக்கு நாள் குறிப்பவர்களும் ஏமாறக்கூடும். இந்நகரத்தின் கோடையை ஆள்வது நட்சத்திரமல்ல, கடற்காற்று. காலையில் மேற்கிலிருந்து வீசும் உலர்ந்த தரைக்காற்றை நண்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து புறப்படும் கடற்காற்று எதிர்த்துத் தள்ளுகிற வரையில் உஷ்ணம் ஏறிக்கொண்டே இருக்கும். அக்காற்று தாமதிக்கும் நாளில்தான் வெயில் உச்சத்தைத் தொடும். மயிலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் காற்றுத் திரும்பி வெகுநேரம் ஆன பின்புதான் அது மீனம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் எட்டிப் பார்க்கும். எனவே, கடலோரத்திலிருந்து மேற்குப் புறநகருக்குக் குடிபோகிறவர், பழைய வீட்டில் சாமான் ஏற்றும்போது கண்ட வெயிலைவிடக் கடுமையான வெயிலைப் புது வீட்டில் இறக்கும்போது காணப்போகிறார் என்பதை எதிர்பார்த்தே வேளையைத் திட்டமிட வேண்டும்.

இதற்கெல்லாம் பரிகாரம் என்னவென்றால், சாஸ்திரத்தையும் சாமானையும் பிரித்துவிடுவதுதான். நல்ல நாள் பார்ப்பது பால் காய்ச்சுவதற்கு. பீரோவுக்கும் கட்டிலுக்கும் முகூர்த்தம் கிடையாது. முகூர்த்த நாளன்று விடியற்காலையில் சுவாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு ஆகியவற்றை ஆட்டோவில் எடுத்துச்சென்று, பால் காய்ச்சி, அக்கம்பக்கத்தார்க்கு ஒரு வாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டால், அந்த வீட்டுக்குக் குடிபோனதாகவே கணக்கு. மற்ற சாமான்களைப் பத்து நாள் கழித்தும் கொண்டுபோகலாம். பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர்களிலும் அநேகர் இதற்குச் சம்மதிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனி பிறப்பதற்கு முன் பாலைக் காய்ச்சிவிட்டு, ஆடியில் ஒரு சாதாரணக் கிழமையில், வேலையில்லாமல் நிற்கும் வண்டியைச் சகாயமான வாடகைக்கு அமர்த்திக்கொண்டு போகிறவர், வழக்கத்தையும் மீறவில்லை, பணத்தையும் விரயம் செய்யவில்லை. பிள்ளைகளின் படிப்பு உள்ளூருக்குள்ளேயே தொடருமானால் தை, மாசியைப் போல் உசிதமான காலம் வேறில்லை.

மே மாதத்தைத் தவிர்க்கவே முடியாது என்ற நிர்ப்பந்தம் உள்ளவர்கள் வேளையையாவது மாற்றிக்கொள்ள வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் மூட்டை வண்டியில் ஏறி, ஒன்பது மணிக்குள் கடைசிச் சாமான் புது வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வெயிலும் மிச்சம், போக்குவரத்து நெரிசலும் மிச்சம். அதற்கு முதல் நாளிரவே மூட்டை கட்டி முடித்திருக்க வேண்டும். ஆட்கள் வந்து நிற்கும்போது சமையலறை அலமாரியைத் திறந்து டப்பா டப்பாவாக எடுக்க ஆரம்பிக்கும் குடும்பத்துக்கு எந்த வேளையும் உதவாது. இங்கே ஓர் இடையூறும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் சில, மற்றவர்களுக்குத் தொந்தரவாகும் என்ற காரணத்தால், காலை பத்து மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் சாமான் ஏற்றி இறக்கக் கூடாதென்றும், லிப்டைத் தொடக்கூடாதென்றும் விதி செய்து வைத்திருக்கின்றன. சென்னையின் கோடையில் மனிதன் பாரம் தூக்கத் தகாத வேளை எதுவோ, அதையே தேடிப் பிடித்து அனுமதித்த வேளையாக்கிய விதி இது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்காவது இதைத் தலைகீழாக்க வேண்டுமென்று சங்கத்துக் காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏனெனில், வெயிலின் பாரத்தை மெய்யாகவே சுமப்பவர் குடிபோகிற குடும்பஸ்தரல்ல. லிப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு இரும்பு பீரோ ஏறுவதை நிதானமாக நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வண்டியில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற பீரோவின் தகட்டில் வெறுங்கையை வைக்க முடியாது. ஆகவே, இறக்குவதற்குமுன் கோணிச் சாக்கைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் போர்த்துவார்கள். கதவு திறந்துகொள்ளாதபடி குறுக்கே கயிறு கட்டி, ஒருவர் தலையில் சும்மாடு வைத்து மேலே நின்று இழுக்க, மற்றொருவர் கீழே தோளைக் கொடுத்துத் தாங்க, படிக்கட்டுத் திரும்புகிற இடத்தில் பீரோவை நிமிர்த்தி நிறுத்தி, அதன் காலைக் கைப்பிடிச் சுவருக்கு மேலாகச் சுழற்றித் திருப்புவார்கள். அந்தத் திருப்பத்தில், கீழே இருப்பவருக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு கை கிடையாது. கண்ணில் இறங்கும் வியர்வையோடுதான் "மெல்ல, மெல்ல, வலது பக்கம் விடு" என்று குரல் கொடுப்பார். கடற்காற்று வந்த பிறகும் இவர்களுக்குச் சுகமில்லை. காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை உலராத புழுக்கத்தில், உடம்பின் சூடு தணிய வழியில்லாமல் போகிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் நிவாரணம் என்று விதித்தது. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் நல வாரியமும் உண்டு. இவையெல்லாம் வேண்டியவையே. எனினும், தெருமுனையிலிருந்து அன்று காலையில் அழைத்து வரப்பட்ட ஒரு லோடுமேனுக்கு அந்நேரத்து நிழலையும் தண்ணீரையும் கொடுக்கக்கூடியவர் குடிபோகிற அந்தக் குடும்பஸ்தர் ஒருவரே. இரண்டு கேன் தண்ணீர், உப்புப் போட்ட மோர், படியேற்றத்துக்கு அரை மணிக்கொரு முறை ஓய்வு, மாடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிய கூலி: இவை பட்ஜெட்டில் தனித் தலைப்பாக இருக்க வேண்டும். வேலையெல்லாம் முடிந்த பிறகு, 'மாடி என்று சொல்லவில்லையே' என்று அவரும், 'எல்லாம் சேர்த்துத்தானே பேசினோம்' என்று இவரும் வெயிலில் நின்று வாக்குவாதம் செய்வதைவிட, எந்த மாடி, எத்தனை பெரிய சாமான், வாசலுக்கு வண்டி வருமா, எங்கே நிற்கும் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தொகையை எழுதி வாங்கிக்கொள்வது இருவருக்கும் கௌரவம். பழைய எண், புதிய எண் என்று இரட்டை இலக்கம் சுமக்கும் சென்னைத் தெருக்களில், விலாசத்தை மட்டும் சொல்லாமல் அடையாளத்தையும் சொல்லிவைப்பது நலம்.

இனிப் பணத்துக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு வருஷங்களுக்கு முன் 15,000 ரூபாய் வாடகைக்கு வந்தபோது, ஊர் வழக்கப்படி பத்து மாத வாடகையான 1,50,000 ரூபாயை அட்வான்ஸாகக் கொடுத்தார்கள். இப்போது பார்த்திருக்கும் வீட்டுக்கு வாடகை 20,000 ரூபாய். இந்த வீட்டுக்காரர் தாராள மனம் படைத்தவர், ஆறு மாதம் போதும் என்றுவிட்டார். ஆகவே அட்வான்ஸ் 1,20,000 ரூபாய். தரகருக்கு ஒரு மாத வாடகை 20,000. முதல் மாத வாடகை 20,000. வண்டிக்கும் ஆட்களுக்கும் 8,000 என்று வைத்தால், சாவி கைக்கு வந்து சாமான் உள்ளே போவதற்குள் 1,68,000 ரூபாய் ரொக்கமாகத் தேவைப்படுகிறது. அவர்கள் ஒரு வாரம் பேரம் பேசிய வண்டி வாடகை இதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

'பழைய வீட்டுக்காரரிடம்தான் ஒன்றரை லட்சம் இருக்கிறதே' என்று கேட்கலாம். இருக்கிறதென்று சொல்வதைவிட, இருந்தது என்று சொல்வதே பொருத்தம். அவர் அதை எட்டு வருஷத்துக்கு முன்பே மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டுவதற்கோ செலவழித்துவிட்டார். அடுத்துக் குடிவருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸ் வந்தால்தான் இவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும். அப்படி வருகிறவரும் தம்முடைய பழைய வீட்டுக்காரரின் கையை எதிர்பார்த்துத்தான் நிற்கிறார். இந்தச் சங்கிலியில் எங்கேனும் ஒரு கண்ணி தாமதித்தால், இடையிலுள்ள குடித்தனக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு நடக்கிறார்கள். கடைசியில் பணம் திரும்பி வரும்போது, வெள்ளையடிப்பதற்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்ட மிச்சமே வருகிறது. எட்டு வருஷம் வெயிலும் மழையும் பட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்ததற்குக் குடியிருந்தவர் எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்பதற்கு, அன்றைக்கு அவருக்கு நேரமும் இருக்காது, தெம்பும் இருக்காது.

இத்துடன் நிற்கவில்லை. வட்டியில்லாமல் எட்டு வருஷம் பிறர் கையில் கிடந்த அந்த 1,50,000 ரூபாய்க்கு, வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு என்று மிகச் சாதுவான வட்டி போட்டாலும், மாதம் 750 ரூபாய் ஆகிறது. அதாவது அந்தக் குடும்பம் குடியிருந்த வீட்டின் மெய்யான வாடகை 15,750. எட்டு வருஷத்தில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வாடகை 72,000 ரூபாயாகிறது. வண்டிக்காரரிடம் குறைத்துப் பேசிய ஐந்நூறை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது, குறைந்த வாடகையும் பத்து மாத முன்பணமும் கேட்கும் வீட்டைவிட, சற்றே கூடிய வாடகையும் மூன்று மாத முன்பணமும் கேட்கும் வீடு சில சமயம் லாபகரமாக இருக்கும் என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

இதைச் சட்டம் கவனிக்கவில்லையா என்றால், நெடுநாளாகவே கவனித்து வந்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்று தெளிவாகச் சொல்லிற்று. அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்திலேயேதான் சென்னை நகரம் பத்து மாத வாடகையை வழக்கமாக்கிக்கொண்டது. சட்டப் புத்தகத்தில் ஒன்று, தெருவில் பத்து. பின்னர் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் பழைய சட்டத்தை ரத்து செய்துவிட்டு, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்றும், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்றும் விதித்தது. நல்ல விதிகளே. ஆனால், மூன்று மாத வரம்பைச் சொல்லும் பிரிவின் தொடக்கத்திலேயே, 'மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற பொருளில் ஒரு விலக்கையும் சேர்த்துவிட்டார்கள். வீடு வேண்டி நிற்பவன், வீட்டுக்காரர் நீட்டும் தாளில் மாறான ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? ஐந்து, ஆறு மாதம் என்று சில பேட்டைகளில் இப்போது இறங்கி வந்திருப்பது சட்டத்துக்குப் பயந்தல்ல. காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு ஆள் பிடிக்க வேண்டிய அவசியத்தினாலேயே என்று நினைக்கிறேன்.

வீட்டைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். குடிபோவதற்கு மே மாதம் அதமம் என்று வாதித்தேன். வீடு பார்ப்பதற்கோ அதுவே உத்தமம். மாசி மாதத்து மாலையில், காற்றாட நடந்து போய்ப் பார்த்து, 'ஆஹா, என்ன குளுமை' என்று முன்பணம் கொடுத்த மேல்மாடி வீடு, சித்திரையில் தன் சுயரூபத்தைக் காட்டும். பிற்பகல் மூன்று மணிக்கு, மின்விசிறியை ஓடவிடாமல், படுக்கையறையின் மேற்குச் சுவரிலும் கூரையிலும் கையை வைத்துப் பார்ப்பவருக்கு, அந்த வீட்டில் ஏ.சி.க்காக மாதந்தோறும் கொடுக்கப்போகும் கரண்ட் பில் ஏறக்குறையத் தெரிந்துவிடும். மொட்டை மாடித் தளத்தில் வெள்ளை ஓடு பதித்திருக்கிறதா, வெறும் சிமெண்டா என்று ஏறிப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து கொட்டித் தேக்குச் சட்டங்களின் மேல் நம் பெரியவர்கள் போட்ட 'மெட்ராஸ் டெரஸ்' தளம் இன்றும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகள் சிலவற்றில் இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்து எழுந்தவருக்கு இப்போதைய கான்கிரீட் தளம் எதைத் தொலைத்துவிட்டது என்று தெரியும்.

தண்ணீரும் அப்படித்தான். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் குடிநீர் கொண்டுவரும்படி நேர்ந்ததே, அப்போது வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் தண்ணீர் எப்படி என்று கேட்கக் கற்றுக்கொண்டது இந்நகரம். நாலு நல்ல மழைக்காலம் வந்ததும் மறந்தும்விட்டது. மே மாதத்தில் போய், குழாய் நீரை வாயில் விட்டுப் பார்த்து, கிணற்று மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடுகிறது, லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யார் தலையில் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் வீடானால், குடிக்கவும் சமைக்கவும் வாங்கும் கேன் செலவு வாடகையோடு சேர்ந்தது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்.

சில்லறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுவதால், காலி செய்யும் நாளிலும் குடிவரும் நாளிலும் மீட்டரைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால், முன்பிருந்தவர் எரித்த யூனிட்டும் வந்தவர் எரித்த யூனிட்டும் ஒரே பில்லில் கூடி, இருவரையும் உயர்ந்த கட்டண விகிதத்துக்கு ஏற்றிவிடும். கேஸ் சிலிண்டரைப் படுக்கவைக்காமல், கடைசியில் ஏற்றி முதலில் இறக்க வேண்டும். ஏஜென்சியில் விலாச மாற்றத்தை முந்தியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிரிட்ஜை நிமிர்த்தியபடியே கொண்டுபோய்ச் சில மணி நேரம் ஆறவிட்ட பிறகு போட வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் வீட்டிலிருந்தால், அந்த மருந்து மூட்டைக்குள் போகாமல் குளிர்காப்புப் பையில் ஒருவர் கையோடு போக வேண்டும்; வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அது கெட்டுப்போவது வெளியே தெரியாது. ஏ.சி.யைக் கழற்றவும் மாட்டவும் ஆகும் கூலியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அது மட்டுமல்ல, வைகாசியில் அந்த மெக்கானிக்கைப் பிடிப்பதும் சுலபமல்ல; ஆகவே, ஏ.சி. ஓடாத முதல் இரண்டு இரவுகளுக்குக் குழந்தைகளையும் முதியோரையும் உறவினர் வீட்டில் விடுவது விவேகம்.

மூட்டை கட்டுவதற்கு முன் கழிப்பதைக் கழிக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், ஒருவரும் செய்யமாட்டார்கள். ஒரு மாட்டு வண்டியிலோ கைவண்டியிலோ குடித்தனம் முழுவதும் ஏறிவிட்ட காலம் ஒன்று இதே ஊரில் இருந்தது. இன்று முக்கால் டன் ஏற்றும் குட்டியானை இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கிறது. ஓடாத கிரைண்டரையும், கால் ஒடிந்த நாற்காலியையும், பத்து வருஷத்துப் பத்திரிகைக் கட்டையும் மூன்றாம் மாடியிலிருந்து கூலி கொடுத்து இறக்கி, வாடகை கொடுத்து ஏற்றிச்சென்று, மறுபடியும் கூலி கொடுத்து நாலாம் மாடிக்கு ஏற்றி, அங்கே பரண்மேல் போடுவதில் என்ன சந்தோஷமோ தெரியவில்லை. பத்திரிகைக்காரனான நான் பத்திரிகைக் கட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்வது அழகல்ல.

குடித்தனக்காரர் தம் அளவில் செய்யக்கூடியவை இவ்வளவே. மாதத்தை மாற்றிக்கொள்ளலாம், வேளையை மாற்றிக்கொள்ளலாம், கணக்கைச் சரியாகப் போடலாம். ஒப்பந்தம் எழுதும்போது, சாவி ஒப்படைக்கும் நாளிலேயே முன்பணம் திரும்ப வேண்டும் என்றும், வெள்ளையடிக்கும் செலவு வீட்டுக்காரருடையது என்றும் இரண்டு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம். கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் சொல்ல முடியும். ஏனெனில், அதற்கு மேல் அவர் கையில் பலம் இல்லை. அந்தப் பலத்தைக் கொடுக்க வேண்டியது சட்டசபை. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன்பணப் பிரிவிலிருந்து 'மாறான ஒப்பந்தம்' என்ற விலக்கை நீக்கி, மூன்று மாதம் என்றால் எவர் கையெழுத்திட்டாலும் மூன்றே மாதம் என்று திருத்த வேண்டும். ஒரு மாதத்துக்குள் திருப்பாத முன்பணத்துக்கு அந்தக் கெடு முடிந்த நாள் முதல் வட்டி உண்டு என்றும் அதிலேயே சேர்க்க வேண்டும். இதற்குச் சர்க்கார் கஜானாவிலிருந்து ஒரு காசும் செலவாகாது.